நாலாவது பத்தி

நான் படித்தது நான்காம் வகுப்பு வரை. இங்கிலீஷ் பேச வராது. டைப் அடிக்க வரும். ஒரு வக்கீல் ஆபீசில் பியூனாக இருந்தபோது பார்த்துப் பழகியது. ஜப்பான்காரன் குண்டு போட்ட வாரம் வக்கீல் கப்பலேறிவிட்டார். எனக்குச் சம்பளம் பாக்கி. டைப் மெஷினைத் தூக்கிக்கொண்டேன்.

ஜப்பான்காரன் கோர்ட்டைத் திரும்பத் திறந்ததும், எதிரே கடைகளின் முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் மேசை போட்டேன். வீட்டைக் காலி செய் என்று நோட்டீஸ் வந்தவர்கள் வருவார்கள். வக்கீல் வைக்க வழியில்லாதவர்கள். கோர்ட்டில் எழுத்து வேலை பார்க்கும் கிராணிகள் பழைய ஆட்களே. மனுவும் பழையபடி இங்கிலீஷில்தான். தேதி மட்டும் ஜப்பான் கணக்கு. வாசலில் நிற்கும் காவல்காரனுக்குக் குனிய வேண்டும். சரியாகக் குனியவில்லை என்று எனக்கு ஒரு பல் போனது.

என்னிடம் ஒரே ஒரு மாதிரி மனு இருந்தது. வக்கீல் ஆபீசின் கார்பன் நகல். வெள்ளைக்கார நீதிபதியிடம் ஜெயித்தது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயர், வயது, கதவு எண் மாற்றி அடிப்பேன். மற்றதைத் தொட மாட்டேன். தொட்டால் எங்கே தப்பு வரும் என்று எனக்குத் தெரியாது. அதில் நாலாவது பத்தி: மனுதாரர் விதவை, வயது வந்த இரண்டு மகன்கள், இருவருக்கும் வேலை இல்லை, போக வேறு இடமில்லை.

சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடி அறையில் வாடகைக்கு இருந்த ஒரு அக்கா வந்தார். புருஷன் துறைமுகத்தில் குண்டுக்குச் செத்தவர். ஒரு சோப்புக் கம்பெனிக்கு ஸ்டோர் வேண்டும் என்று வீட்டுச் சொந்தக்காரர் எல்லோரையும் கிளப்பிக்கொண்டிருந்தார். அக்காவுக்கும் இரண்டு மகன்கள். மாதிரியில் இருக்கிறபடியே. வேலை சுலபம் என்று நினைத்தேன்.

“பசங்க என்ன பண்றாங்க?”

“பெரியவன் சரக்குப் படகுல மூட்டை தூக்குறான் தம்பி. சின்னவனும் கூடத்தான் போறான்.”

“அத எழுதக் கூடாதுக்கா. சம்பாதிக்கிறாங்கன்னா, வேற வீடு பாத்துக்கன்னுருவான்.”

“அது பொய்யில்ல?”

“இது ஜெயிச்ச மனு. இதுல வேலை இல்லைன்னுதான் இருக்கு.”

பெரிய மகன் தூணில் சாய்ந்து நின்றான். “எழுதிக்கங்கண்ணே. சோம்பேறின்னும் சேத்துக்கங்க. அம்மா தெனமும் சொல்றதுதான்லா.”

சின்னவன் சிரித்தான். “வாய மூடுங்கடா, கோர்ட்டு வாசல்ல” என்று அதட்டிவிட்டு அக்கா கட்டைவிரலை மையில் வைத்தார். மகன்கள் பெயரையும், இருபது, பதினெட்டு என்று வயதையும் அடித்தேன்.

மனு ஜெயித்தது. குடும்பத்தில் மூன்று பேர், போக இடமில்லை, அறையில் இருக்கலாம் என்று ஆர்டர். அக்கா இரண்டு மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்து மேசையில் வைத்தார். “கெட்டிக்காரன்லா நீ” என்றார். இரண்டையும் நானே தின்றேன்.

அடுத்த மாதம் சயாமுக்கு ஆள் பிடித்தார்கள், ரயில் பாதை போட. மற்ற இடங்களில் தெருவில் கண்டவனைப் பிடித்தார்கள். அந்தச் சந்துக்குப் பட்டியலோடு வந்தார்கள். கதவு எண், இரண்டு பெயர், இரண்டு வயது. அக்காவின் மகன்கள் இருவரையும் லாரியில் ஏற்றினார்கள்.

அக்கா ஓடிவந்தார். காலில் செருப்பில்லை. கையில் ஒரு சீட்டு.

“படகு முதலாளி எழுதிக் குடுத்துட்டாரு தம்பி, ரெண்டு பேரும் அவர்கிட்ட வேலைன்னு. இத வெச்சு ஒரு மனு அடி. நாளைக்கு அக்கரைக்கு ஃபெர்ரில ஏத்திருவாங்களாம்.”

அக்காவை உட்கார வைத்துவிட்டுக் கோர்ட்டுக் கிராணியிடம் போய்க் கேட்டேன். அவர் சிரித்தார்.

“பட்டியல் எங்கேருந்து வந்துச்சுன்னு நெனைக்கிற? வேலை இல்லாதவன் யாருன்னு கேட்டாங்க. ஊரெல்லாம் தேடவே இல்ல. நீதான் வயசோட அடிச்சுக் குடுத்திருக்கியே, நாலாவது பத்தி.”

“வேலை இருக்குதுங்க. சீட்டு இருக்கு.”

“அப்ப மொத மனு பொய். கைநாட்டு அவளோடது, அடிச்சது நீ. கொண்டா, குடுக்கலாம். மார்க்கெட் முன்னால மூங்கில்ல தலை வெச்சிருந்தாங்களே, பாத்தியா?”

பார்த்திருந்தேன்.

திரும்பி வந்து மெஷினுக்கு உறை போட்டேன். “நாடா அறுந்துபோச்சுக்கா.”

நாடா அறுந்திருக்கவில்லை. அக்கா மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“வேலை இல்லைன்னு அடிக்க நாடா இருந்துச்சு” என்றார்.

சீட்டை எடுத்துக்கொண்டு தானே கோர்ட்டு வாசலுக்குப் போனார். குனியவில்லை. காவல்காரன் துப்பாக்கிக் கட்டையால் நெஞ்சில் இடித்தான். சீட்டு சாக்கடையில் விழுந்தது. அவர் சாக்கடைக்குள் கைவிட்டுத் தேடினார். நான் மேசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் ஃபெர்ரி போனது.

வேறு வீடுகளுக்கும் அந்தப் பட்டியல் போனதா என்று நான் கேட்கவில்லை. நான் அடித்த மனு எல்லாவற்றிலும் நாலாவது பத்தி ஒன்றுதான்.

சில வாரம் கழித்து வீட்டுக்காரரின் ஆள் என்னிடமே வந்தான்.

“ஆர்டர் மூணு பேருக்கு. இப்ப ஒரு பொம்பளை. ஒருத்திக்கு மாடி எதுக்கு? நோட்டீஸ் அடி. அந்த வீட்டு வெவரம் உனக்குத்தான் அத்துப்படி.”

அடித்தேன். அரிசி கொடுத்தான்.

அக்கா எதிர்மனு போடவில்லை. போகிற அன்று மேசைக்கு வந்தார். உட்காரவில்லை.

“நான் அக்கரையில பாகான் டாலாம் போறேன், தெரிஞ்சவங்க வீட்டுக்கு. பசங்க வந்தா அந்தக் கதவுக்குத்தான் வருவாங்க. அவங்களுக்கு வேற எடம் தெரியாது. நான் எங்க இருக்கேன்னு எழுதிக் கதவுல ஒட்டு.”

பையன்களுக்குத் தமிழ்தான் தெரியும். கையால் எழுதி, கிழங்குமாவுப் பசை தடவி ஒட்டினேன். வீட்டுக்காரரின் ஆள் கிழித்தான்.

“என் கதவுல ஒட்ட எவன் ஆர்டர் குடுத்தான்? கோர்ட்ல மனு போடேன். நீதான் ஜெயிக்கிற ஆளாச்சே.”

மறுபடி ஒட்டினேன். மறுபடி கிழித்தான். கிழிக்காத தடவை மழை கரைத்தது. பிறகு ஊரில் தாள் கிடைக்கவில்லை. மாதிரி மனுவின் பின்பக்கத்தில் எழுதி ஒட்டினேன். அது ஒரு வாரம் இருந்தது.

ஜப்பான்காரன் போனான். சயாமிலிருந்து சிலர் திரும்பி வந்தார்கள். அவர்கள் இரண்டு பேரும் வந்தார்களா, வந்து வெறும் கதவைப் பார்த்துவிட்டுப் போனார்களா, எனக்குத் தெரியாது. பாகான் டாலாம் பக்கம் நான் போகவில்லை.