மஞ்சள்தூளுக்கு ஆட்டோ ஏறிய கதை

1. மூன்று கண்டிஷன்

"ஸ்டவ் பத்த வெக்கக் கூடாது. எதுவும் ஒடையக் கூடாது. பசங்க மேல ஒரு கீறல் பட்டுச்சுன்னா இன்னையோட கடைய மூடிக்கினு போயிடணும். இன்னா சார், ஓகேவா?"

கருங்குழியில் ஆட்டோ ஓட்டும் முருகன், தன் வீட்டுச் சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்று இப்படிச் சொன்னார். நான் ஓகே என்றேன். வேறு வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை சமையலறை சயின்ஸ் வகுப்பு எடுக்கிறேன் என்று அந்தத் தெருவில் ஐந்து வீடுகளில் கேட்டிருந்தேன். ஐந்து பேரும் சொல்லி வைத்தாற்போல், "இன்னிக்கு கேஸ் தீர்ந்துபோச்சு சார்" என்றார்கள். முருகனின் மனைவி செல்வி மட்டும்தான், மகள் கீர்த்தனா நச்சரித்ததால், கணவரோடு இரண்டு நாள் மல்லுக்கட்டி இந்த இடத்தை வாங்கித் தந்திருந்தார். இதுவும் போனால் வகுப்பு என்ற பேச்சே கிடையாது.

என் வீட்டிலேயே செய்யலாமே என்று கேட்பீர்கள். ஆப்ப சோடாவும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து பாட்டிலில் பலூன் ஊதிக் காட்டியபோது, அது வெடித்து என் மனைவியின் சாம்பாரில் விழுந்தது. அன்றிலிருந்து என் வீட்டுச் சமையலறையில் எனக்குத் தண்ணீர் குடிக்க மட்டுமே அனுமதி.

செங்கல்பட்டில் ஒரு பள்ளியின் கெமிஸ்ட்ரி லேபில் நான் இருபத்திரண்டு வருடமாக அட்டெண்டர். ஆசிட் பாட்டில்களுக்கு நடுவே முடி நரைத்தவன். அந்தத் தெம்பில்தான் முருகனிடம் நெஞ்சை நிமிர்த்தி, "சேஃப்டி என் பொறுப்பு" என்று சொன்னேன்.

2. மிளகு ஓடியது

மொத்தம் ஆறு பிள்ளைகள். அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி, மேலே மிளகுத்தூளைத் தூவினேன். விரல் நுனியில் சோப்பைத் தொட்டு நடுவில் வைக்கச் சொன்னேன். ஒன்பது வயது கீர்த்தனா வைத்தாள். மிளகெல்லாம் அலறியடித்துக்கொண்டு தட்டின் ஓரத்துக்கு ஓடியது.

"எங்கப்பா வூட்டுக்குள்ள வந்தா நாங்க ஓடுற மாரியே கீது சார்!"

வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த முருகன், "கேட்டுகினுதான் கீறேன்" என்றார்.

தண்ணீரின் மேல்பரப்பு இழுத்துக் கட்டிய துணி மாதிரி. சோப்பு பட்ட இடத்தில் பிடி தளர்கிறது, சுற்றியுள்ள தண்ணீர் மிளகை ஓரத்துக்கு இழுத்துக்கொள்கிறது என்று விளக்கினேன். "அப்போ ஷாம்பு வெச்சாலும் ஓடுமா? பல்பொடிக்கு?" என்று கீர்த்தனா கேட்டாள். வைத்துப் பார் என்றேன். எதைச் சொன்னாலும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்புவாள் போலிருந்தது. இதை அப்போதே நான் குறித்துக்கொண்டிருக்க வேண்டும்.

3. மஞ்சள் சிவந்தது

மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளைத்தாளில் பூசி, ஃபேனுக்கு அடியில் காயவைத்தோம். துணி சோப்பைக் கரைத்து, காது குடையும் பஞ்சுக் குச்சியால் தொட்டு எழுதினால் எழுத்து சிவப்பாக வரும். அதன் மேல் எலுமிச்சைச் சாறு பட்டால் திரும்பவும் மஞ்சளாகும். பிள்ளைகள் தங்கள் பெயரை எழுதி, அழித்து, மறுபடி எழுதினார்கள். செல்வி எட்டிப் பார்த்து, "நல்லாத்தான் கீது" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஒரு முழம் உயர்ந்துவிட்ட மாதிரி இருந்தது.

அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு ஆயிஷா, ஒன்றாம் வகுப்பு படிப்பவள், கை கழுவப் பின்கட்டுக்குப் போனாள். திரும்பி வந்து என் முன்னால் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

கை சிவப்பு. வெள்ளை கவுனிலும் சிவப்பு. எலுமிச்சம்பழம் நறுக்கிய கத்தியோ மேடையில் அப்படியே கிடந்தது.

என் மூளை மூன்றையும் கூட்டிப் பார்த்தது. "ரத்தம்! ரத்தம்!" என்று நான் போட்ட சத்தம் ஜி.எஸ்.டி. ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். தோளில் கிடந்த துண்டால் அவள் கைகளைச் சுற்றினேன், தூக்கினேன், ஓடினேன். நிலைப்படியில் காலை இடித்துக்கொண்டு ஆட்டோவுக்குள் விழுந்தேன்.

"எடுங்க வண்டிய! மதுராந்தகம் ஆஸ்பத்திரிக்கு!"

முருகன் கையிலிருந்த துணியை வீசிவிட்டு ஏறி உட்கார்ந்தார். வண்டியை ஸ்டார்ட் பண்ணினார். ஆயிஷா வீறிட்டு அழ ஆரம்பித்தாள். அதற்குள் கீர்த்தனா ஓடிவந்து ஆட்டோவின் குறுக்கே நின்றுவிட்டாள். கையில் பாதி எலுமிச்சம்பழம்.

"ஆயிஷா, எங்கடி வலிக்குது?"

"வலிக்கலக்கா."

"அப்புறம் ஏன்டி அழுவுற?"

"சார் கத்துனாரு."

கீர்த்தனா துண்டைப் பிரித்து அந்தக் கையில் எலுமிச்சையைப் பிழிந்தாள். சிவப்பு ஓடிப்போய் மஞ்சள் வந்தது.

"இவ மஞ்சக் கையோட துணி சோப்பு போட்டுகினா சார். இப்பதானே நீங்களே சொல்லிக் குட்த்தீங்க?"

ஆட்டோ எஞ்சின் படபடவென்று ஓடிக்கொண்டிருந்தது. முருகன் அதை ஆஃப் பண்ணினார். செல்வி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "இன்னா சார், ஆரத்தி தண்ணிய பார்த்ததே இல்லியா? மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தா செவக்காதா?"

பார்க்காமல் என்ன? என் கல்யாணத்திலேயே சுற்றினார்கள். அன்றைக்கும் பயந்துகொண்டுதான் நின்றேன்.

4. இன்னொரு சோதனை

அப்போதுதான் கீர்த்தனா கீழே குனிந்தாள். "சார், உங்க கால்லயும் செவப்பா கீதே. மஞ்சளா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மிச்சமிருந்த எலுமிச்சையை என் கட்டைவிரலில் பிழிந்துவிட்டாள். நான் ஆட்டோவின் மேல்கூரை வரை எழும்பினேன்.

"மாறல. இது ரத்தம்தான்" என்று எல்லோருக்கும் அறிவித்தாள். ஆயிஷா அழுகையை நிறுத்திவிட்டு ரொம்ப ஆர்வமாக என் காலைப் பார்த்தாள்.

நான் முருகனைப் பார்த்தேன். ஒரு கீறல் பட்டால் கடையை மூடணும் என்றவர். அவர் ஆயிஷாவின் கைகளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு என் விரலைப் பார்த்தார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"பசங்க ஜோரா கீறாங்க சார். உங்களத்தான் யாராச்சும் பாத்துக்கணும்" என்றார். ஆட்டோவிலிருந்த முதலுதவிப் பெட்டியை எடுத்து, காலைக் கழுவி, அவரே கட்டும் போட்டுவிட்டார்.

அன்று நான் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருக்க, பிள்ளைகளே வகுப்பை நடத்தினார்கள். புளித்தண்ணீர், தயிர், சுண்ணாம்பு, சலவைத்தூள் என்று ஒவ்வொன்றாக மஞ்சள் தாளில் தொட்டு வைத்தார்கள். எது சிவக்கும் என்று கீர்த்தனா முதலில் எல்லோரிடமும் கேட்பாள், அப்புறம்தான் குச்சியைத் தொட விடுவாள். புளி சிவக்கும் என்று சொன்ன முருகன் தோற்றுப்போனார்.

வீட்டில் பிள்ளைகளோடு இதைச் செய்யப் போகிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சொல்வது: எலுமிச்சம்பழத்தை முதலிலேயே நறுக்கிக்கொண்டு கத்தியை உள்ளே வைத்துவிடுங்கள். நல்ல துணி உடுத்தாதீர்கள். சோப்புத் தொட்ட கை கண்ணுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏதாவது சிவந்தால், வலிக்கிறதா என்று முதலில் பிள்ளையைக் கேளுங்கள். கத்துவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். இருபத்திரண்டு வருடம் லேபில் நின்று நான் கற்றது எதைத் தொடக் கூடாது என்பதை மட்டும்தான். தொட்டுப் பார்த்துச் சொல்வது எப்படி என்பதை அந்தச் சமையலறையில்தான் கற்றுக்கொண்டேன்.

கிளம்பும்போது முருகன் வாசல்வரை வந்தார். "அடுத்த வாரம் எத்தினி மணிக்கு சார்?"

"மூணு மணிக்கு."

"ரெண்டரைக்கே வந்துடுங்க. வண்டி பேட்டரி தண்ணிய மஞ்ச பேப்பர்ல ஊத்திப் பாக்கணும்."

"ஐயோ, அது ஆசிட்! பிள்ளைகள் பக்கத்திலேயே கொண்டு வரக் கூடாது!" என்று கத்தினேன். இந்தத் தடவை நான் கத்தியது சரிதான் என்று உள்ளேயிருந்து கீர்த்தனா சொன்னாள்.