மச்சானைச் சுமந்த கூடை

நான் கதை கட்டுவதாக நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். நடந்தது என் முதுகுக்குத் தெரியும்.

கஞ்சன்ஜங்கா அடிவார முகாமுக்குச் சுமை தூக்குவது எங்கள் பிழைப்பு. எனக்கும், அக்கா புருஷன் தில்விக்ரமுக்கும். அந்த முறை மேலே போய்ச் சேர்ந்ததுமே மச்சானுக்கு மூச்சு முட்டியது. நெஞ்சுக்குள் கொரகொரவென்று தண்ணீர்ச் சத்தம். உடனே இறக்காவிட்டால் ஆள் பிழைக்காது. அக்காவுக்கு அப்போது எட்டாம் மாதம்.

மற்ற சுமைக்காரர்கள், மலையேற வந்த வெள்ளைக்காரர்களோடு பனியாற்றுப் பக்கம் போயிருந்தார்கள். காத்திருக்க நேரமில்லை. ஆளைச் சுமப்பதென்றால் மூங்கில் கூடையின் ஒரு பக்கத்தை வெட்டிக் கால் தொங்க இடம் விடுவோம். கத்தியைத் தேடிப் போனேன். சமையல் கூடாரத்துக்குப் பின்னால் அப்படி வெட்டிய கூடையே ஒன்று கிடந்தது. வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன்.

மணி மூன்றே முக்கால். பனிமூட்டம். மச்சானைக் கூடையில் உட்கார வைத்து, அதன் வாரை நெற்றியில் மாட்டினேன். வார் மாட்டினால் தலையைத் திருப்ப முடியாது. கூடையில் இருப்பவர் பார்ப்பது பின்பக்கம் மட்டும்தான்.

"உங்க அக்காவ ஏழு வருஷமா நான் சுமக்கிறேன். ஒரு நாள் நீ என்னச் சும மாப்ளே," என்றார் மச்சான்.

கேலிப் பேச்சு வந்ததே என்று எனக்கு நிம்மதி.

களைத்தால் நாங்கள் உட்காருவதில்லை. கைத்தடியைக் கூடைக்கு அடியில் முட்டுக் கொடுத்து நிற்போம். முதல் முறை முட்டுக் கொடுத்தேன்.

டக்.

பின்னால் இன்னொரு டக்.

"யாரு மச்சான்?"

"நம்ம ஆளு மாதிரிதான். சுமை இல்ல. தடி மட்டும் வச்சிருக்கான்."

சுமை இல்லாதவன் எதற்குத் தடியை ஊன்றி நிற்கிறான்... நடந்தேன். மறுபடி நின்றேன்.

டக்... டக்.

"இன்னும் வர்றானா?"

"கிட்ட வந்துட்டான். தொப்பி இல்ல. கால்ல செருப்பும் இல்ல."

நடையை எட்டிப் போட்டேன்.

"என்ன வேணுமாம்?"

"முடியலையாம். எடம் கேக்குறான்."

"அவனப் பாக்காதீங்க. பேசாதீங்க."

மச்சானுக்கு இளகிய மனசு. இல்லை என்று சொல்ல வராது.

"சரி... வா," என்றார்.

வார் நெற்றியை அறுத்தது.

முழங்கால் மடிந்தது.

பின்னால் தடிச் சத்தம் நின்றுபோனது...

கீழே லொனாக்கில், சேவாங் டிக்கியின் விடுதிக் கதவில் போய் விழுந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. அவளும் நானுமாகக் கூடையை இறக்கினோம். மச்சான் கண் திறந்தார்.

"அவன இறக்கிட்டியா?"

"யார?"

"என் மடியில இருந்தவன."

மச்சான் பிழைத்துக்கொண்டார். அன்று அவரை அடுப்போரம் படுக்க வைத்துவிட்டு வந்தால், டிக்கி கூடையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போன வருஷம் மேல ரெண்டு பேருக்கு மூச்சு முட்டிப்போச்சு. தூக்க ஒரே கூடைதான். ஒருத்தன இறக்கிட்டுத் திரும்பிப் போனாங்க. மத்தவன் தடிய ஊனி, நின்னபடியே செத்திருந்தான்."

"அந்தக் கூடையா இது?"

"வாருல இந்த நீலத் துணி நான் வச்சுத் தச்சது."

"அப்ப யாரோ மறுபடி மேல கொண்டு போயிருக்காங்க."

அவள் தலையாட்டி மறுத்தாள்.

"கீழ குன்சாவுல அவன எரிச்சப்போ கூடையையும் சிதையில போட்டோம். சாம்பலாகுற வரைக்கும் நான் பக்கத்துலதான் நின்னேன்."