அடுப்புக்குப் பக்கத்தில் ஐஸ் பெட்டி

பெங்களூரில், வைட்ஃபீல்ட் சிக்னலில் என் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் ஒரு கன்டெய்னர் லாரி நின்றிருந்தது. காலை நேரத்தில் அந்தச் சாலையில் வண்டிகள் நிற்பதில்லை, குடியிருக்கின்றன. ஓட்டுநரும் அப்படித்தான் கதவைத் திறந்து போட்டு, ஒரு காலை வெளியே தொங்கவிட்டிருந்தார். இருக்கைக்குப் பின்னால் கையை விட்டு ஒரு சின்னப் பெட்டியைத் திறந்தார். உள்ளே விளக்கு எரிந்தது. மோர் பாக்கெட் ஒன்றை எடுத்து மூலையைப் பல்லால் கடித்தவர், பல் கூசி முகத்தைச் சுளித்தார்.

"அண்ணா, இது பேட்டரியிலயா ஓடுது?" என்று கத்தினேன்.

"ஆமா கண்ணு, வண்டி பேட்டரிதான். சேலம் வெயில்ல இது இல்லன்னா நான் இல்ல."

"எஞ்சின் நிறுத்தினா?"

"அப்பவும் ஓடும். நீ மொதல்ல வண்டிய நகத்து, பின்னாடி ஹாரன் அடிச்சே சாவுறான் பாரு."

நகர்த்தினேன். ஆனால் அன்று அலுவலகத்தில் நான் எழுத வேண்டிய நிரல் ஒரு வரிகூட நகரவில்லை. லாரியில் ஓடுவது படகில் ஏன் ஓடாது? அதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

கடலே இல்லாத ஊரில் எங்களுக்குப் படகு எப்படி வந்தது என்று எல்லாரும் கேட்பார்கள். அக்காவால் வந்தது. கல்லூரியில் படித்தபோது அல்சூர் ஏரியில் பாய்மரம் பழகியவள் அவள். காதலித்தவருக்கும் அங்கேயே கற்றுக்கொடுத்துவிட்டு, பிறகுதான் கல்யாணம் செய்துகொண்டாள். மாமாவும் அவருடைய கல்லூரித் தோழரும் சேர்ந்து, பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி உடுப்பிப் பக்கம் ஓர் ஆற்றின் முகத்துவாரத்தில் நிறுத்தினார்கள். உள்ளே நான்கு பேர் படுக்கலாம். ஒரு குட்டிச் சமையல் மேடை உண்டு. மேடைக்குள்ளேயே பதித்த ஐஸ் பெட்டி, அதற்கு மேலே தூக்கும் மூடி. மீன்பிடித் துறையிலிருந்து ஐஸ் பாளம் வாங்கி உடைத்துப் போட வேண்டும். உருகிய தண்ணீர் பெட்டியின் அடியிலுள்ள துளை வழியே படகின் அடிப்பள்ளத்துக்கு வடியும். அதைக் கைப்பம்பால் இறைத்துக் கடலில் விட வேண்டும்.

மாமா அந்தப் படகில் ஊர் ஊராகப் போனார். நானும் போனேன். அக்கா ஒரே ஒருமுறைதான் வந்தாள்.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை. மாத்திரையில் அடங்குகிற வகை இல்லை. இன்சுலின் இல்லாமல் அவளால் இருக்க முடியாது. அன்றாடம் போட்டுக்கொள்ளக் கையில் இருக்கும் ஊசி சாதாரண வெப்பத்தைப் பொறுத்துக்கொள்ளும். அடுத்தடுத்த வாரங்களுக்கான இருப்புதான் குளிரில் இருந்தாக வேண்டும், அதே நேரம் உறையவும் கூடாது. அந்த ஒரு பயணத்தில், இருப்பு முழுவதையும் ஒரு டப்பாவில் போட்டு ஐஸ் பெட்டிக்குள் வைத்தாள். டப்பா வழுக்கிப் பாளத்தோடு ஒட்டிக்கொண்டது. மறுநாள் எடுத்தால் எல்லாம் உறைந்திருந்தது. உறைந்த மருந்து உருகினாலும் குப்பைதான். கரைக்குத் திரும்பச் சொல்லி, பேருந்து பிடித்துப் பெங்களூருக்கு வந்துவிட்டாள். அதன் பிறகு நாங்கள் கிளம்பும்போதெல்லாம், "எனக்கு வேலை இருக்கு, நீங்க போயிட்டு வாங்க" என்பாள். அவளுக்காக வாங்கிய படகில் அவளைத் தவிர எல்லாரும் போய்க்கொண்டிருந்தோம்.

மழைக்காலத்தில் மேற்குக் கரையில் யாரும் படகு ஓட்டுவதில்லை. எங்கள் படகும் டிரெய்லரில் ஏறி மலை கடந்து பெங்களூரின் தொழிற்பேட்டையான பீன்யாவுக்கு வந்திருந்தது. மாமாவின் தோழர் அங்கே ஃபைபர் தண்ணீர்த் தொட்டி செய்யும் ஷெட் வைத்திருக்கிறார். அடிப்பகுதியில் விழுந்த விரிசலை ஒட்டுவதற்காக வந்த படகு. நான் பார்த்ததோ, கையருகே வந்து நிற்கும் ஐஸ் பெட்டியை.

"ஐஸ் பெட்டிய ஃப்ரிட்ஜ் ஆக்கப் போறேன்" என்றேன்.

மாமா படகை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். "வீட்டு மிக்ஸியைத் திறந்தியே, அது இன்னும் சாக்கு மூட்டையிலதான்மா இருக்கு."

"மிக்ஸி வேற மாமா. அது வெறும் ஆர்வம். இது திட்டம்."

பழைய மின்சாமான்கள் குவிந்து கிடக்கும் எஸ்.பி. ரோட்டில், மேல்கூடு நொறுங்கிப்போன ஒரு லாரி ஃப்ரிட்ஜ் கிடைத்தது. கம்ப்ரசர் நன்றாக ஓடியது. குளிரூட்டும் அலுமினியத் தட்டு புதிதாக வாங்கினேன். குழாய்களைப் பற்றவைத்து கேஸ் ஏற்ற பிரேசர் டவுனிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். படகைச் சுற்றி ஒரு வட்டம் நடந்துவிட்டு, "மேடம், இத்தன வருஷ சர்வீஸ்ல கப்பலுக்கு கேஸ் ஏத்துறது இதான் ஃபர்ஸ்ட்டு" என்று பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். குளிர்பதனக் கிடங்குகளுக்குச் சுவர் செய்யும் பஃப் பலகையின் வெட்டுத்துண்டுகள் பீன்யாவில் தேடாமலே கிடைக்கும். பெட்டியின் உட்புறம் முழுக்க அவற்றை இரண்டு அடுக்காக ஒட்டி, மேலே ஃபைபர் பூசினோம். இடம் பாதியாகச் சுருங்கியது. எனக்குக் கவலையில்லை. தட்டு ஒரு மூலையில், மருந்து வைக்கக் கூடை எதிர் மூலையில், நடுவில் ஒரு தடுப்பு. எது வேண்டுமானாலும் குளிரலாம், எதுவும் எதோடும் ஒட்டக்கூடாது.

பேட்டரியை இணைத்து ஓடவிட்டேன். ஐந்து டிகிரிக்கு வந்ததும் கம்ப்ரசர் நின்றது. வெகுநேரம் கழித்து மறுபடி ஓடியது, மறுபடி நின்றது. ஒரு வாரம் இப்படியே. நான் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்து, மூடியைத் திறந்து, தெர்மாமீட்டரைக் காட்டினேன். கைதட்டல் கிடைக்கும் என்று நிச்சயமாக நம்பினேன்.

அக்கா துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். வெளியே தூறல். ஜூலை மாதத்துப் பீன்யா காற்று.

"ஏய், எனக்கே இங்க குளிருதுடீ. இந்த ஊர்ல என் ஹேண்ட்பேக்கும் ஃப்ரிட்ஜ்தான். உடுப்பில வெயில் எப்படி இருக்கும், ஞாபகம் இருக்கா?"

நாங்கள் மூன்று பேருமே பெங்களூரில் பிறந்து வளர்ந்தவர்கள். வீட்டில் மின்விசிறியே பாதி வருடம் சுற்றாது. வெயில் என்ற ஒன்றைச் சோதனையில் சேர்க்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. சரி, தோன்றவில்லை, இப்போது தோன்றிவிட்டது. வெயிலுக்கு எங்கே போவது?

பக்கத்து ஷெட்டுக்குப் போனேன். அங்கே இரும்புச் சாமான்களுக்குப் பவுடர் பூச்சு போடுகிறார்கள். ஓர் அறை அளவுக்குப் பெரிய அடுப்பு. அதன் கதவைத் திறந்தால் முன்வாசலில் நிற்பவருக்குப் புருவம் பொசுங்கும். அதற்குச் சற்றுத் தள்ளி, சுவரோரம், அசல் கடற்கரை மதியம்போல் ஓர் இடம் இருந்தது. பெட்டியைத் தனியாகக் கழற்ற முடியாதே, அது படகோடு பிறந்தது. ஆகவே டிரெய்லரோடு படகையே தள்ளினோம். இரண்டு ஷெட்டு ஆட்களும் கை கொடுத்தார்கள். தெருவில் போன டெம்போ நின்று வழிவிட்டது.

பூச்சு ஷெட்டின் முதலாளி இடுப்பில் கைவைத்து நின்றார். "ஒந்து ஃப்ரிட்ஜ்கோஸ்கர இஷ்டு தொட்ட தோணி தள்ளபேகா?" ஒரு ஃப்ரிட்ஜுக்காக இவ்வளவு பெரிய படகைத் தள்ளணுமா என்று கேட்கிறார்.

நான் விளக்க வாயெடுப்பதற்குள் அக்கா சொன்னாள்: "ஃப்ரிட்ஜ்கல்ல சார், நனகோஸ்கர." ஃப்ரிட்ஜுக்காக இல்லை, எனக்காக.

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டு, தானும் வந்து தோள் கொடுத்தார்.

அங்கே என் ஃப்ரிட்ஜ் தோற்றது. கம்ப்ரசர் நிற்கவே இல்லை. ஓடிக்கொண்டே இருந்தது, தெர்மாமீட்டரும் ஏறிக்கொண்டே இருந்தது. மதியத்துக்குள் பேட்டரி படுத்துவிட்டது. "பெரிய பேட்டரி போட்டுடலாம்" என்றார் மாமா. "தட்டு பத்தல, இன்னொரு தட்டு" என்றேன் நான். மாற்றுப் பேட்டரியை இணைத்துவிட்டு, இருவரும் படகின் மேல்தளத்தில் வியர்க்க வியர்க்கச் சண்டை போட்டோம்.

அக்கா உள்ளே இருந்தாள். சாப்பாட்டு நேரம் தவறக்கூடாது அவளுக்கு, யார் ஃப்ரிட்ஜ் தோற்றாலும் சரி. விரிசல் ஒட்டுவதற்காகத் தரைப்பலகை ஒன்றைக் கழற்றி வைத்திருந்தோம். அந்தப் பள்ளத்துக்குள் செருப்பில்லாத கால்களைத் தொங்கவிட்டு, டப்பாவில் சப்பாத்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாய மூடுங்க" என்றாள். "என் காலுக்கு மட்டும் யாரு ஏசி போட்டது?"

குதித்து இறங்கினேன். குப்புறப் படுத்துப் பள்ளத்துக்குள் கையை நீட்டினேன். ஐஸ் தண்ணீர் வடியும் குழாயின் வாயிலிருந்து சில்லென்ற காற்று, கண்ணுக்குத் தெரியாத ஓடைபோல, என் விரல்களின் மேல் வழிந்துகொண்டிருந்தது. குளிர்ந்த காற்று கனமானது, கீழேதான் இறங்கும். பள்ளிக்கூடத்துப் பாடம். இரண்டு அடுக்குப் பஃப் ஒட்டி, மூடிக்கு ரப்பர் வைத்து, எல்லாப் பக்கமும் அடைத்துவிட்டு, அடியில் துளையைத் திறந்தே விட்டிருக்கிறேன்! தூறல் நாள்களில் பள்ளமும் குளிர்ந்தே கிடந்ததால் கசிந்தது தெரியவில்லை. ஃப்ரிட்ஜில் ஐஸே கிடையாது, வடிவதற்குத் தண்ணீர் ஏது? பெட்டி மாறிவிட்டது, துளைக்கு மட்டும் இன்னும் பழைய வேலை.

"வாஷ்பேசினுக்கு அடியில வளைவு போடுவாங்கல்ல? அதே மாதிரி வளைச்சு, தண்ணி தேக்கிட்டா காத்து போகாது" என்றேன் உடனே.

அக்கா சப்பாத்தியை மென்று முடித்தாள். "படகு சாயும்டீ. நீ தேக்கின தண்ணி முதல் காத்துக்கே கொட்டிப் போயிடும். பேசாம ஒரு ரப்பர் அடைப்பான் போடு. கழுவும்போது கழட்டிக்கலாம்."

மாமா சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். அக்கா அந்தப் படகைப் பற்றி இப்படி, தான் ஓட்டப்போகிறவள்போலப் பேசி வெகுகாலம் ஆகியிருந்தது.

அடைப்பான் போட்டோம். மூவரும் உள்ளே உட்கார்ந்தோம். பக்கத்தில் அடுப்புக் கதவு திறந்து மூடும்போதெல்லாம் வெக்கை உள்ளே வந்து போனது. தெர்மாமீட்டர் இறங்கத் தொடங்கியது. ஒன்பது, எட்டு, ஆறு. ஐந்தில், டக்கென்று கம்ப்ரசர் நின்றது. ஓர் இயந்திரம் ஓடாமலிருப்பதைக் கேட்க இவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அக்கா அந்தப் பேட்டரி தீரும்வரை சோதிக்கச் சொன்னாள். சோதித்தேன், இந்த முறை அது மதியத்தோடு படுத்துவிடவில்லை. தட்டை ஒட்டி ஒரு தண்ணீர் பாட்டிலும் கூடையில் ஒரு பாட்டிலும் வைத்தோம். தட்டருகே இருந்தது உறைந்தது, கூடையில் இருந்தது உறையவில்லை. அவள் இரண்டையும் மாறி மாறிக் குலுக்கிப் பார்த்தாள். பிறகு நிபந்தனைகள் வந்தன. கூடை அவளுக்கு மட்டும், மாமாவின் பீர் தட்டுப் பக்கத்தோடு நின்றுகொள்ள வேண்டும். இருப்பில் பாதி படகில், மீதி கரையில் தெரிந்தவர் வீட்டு ஃப்ரிட்ஜில். முதலில் முகத்துவாரத்துக்குள்ளேயே இரண்டு இரவு நங்கூரம். வெளிக்கடல் அதற்கப்புறம்தான்.

"அப்போ வர்றியா?" என்றேன்.

"நான் வரலன்னா பாயை யாரு ஒழுங்கா கட்டுவா? உங்க மாமாவா?"

இப்போது மழை இன்னும் விடவில்லை. படகு பழையபடி தொட்டி ஷெட்டில், விரிசல் ஒட்டி, வண்ணம் காய்ந்து நிற்கிறது. பேட்டரிக்குத் தீனி போட மேல்தளத்தில் ஒரு சோலார் பலகை பொருத்திவிட்டேன். ஒன்றை மட்டும் பீன்யாவில் சோதிக்க முடியாது. டிரெய்லரில் நிற்கும் படகு சாயாது. சாய்ந்த படகில் கம்ப்ரசர் மூச்சு வாங்காமல் ஓடுமா, கூடை இடம் மாறாமல் இருக்குமா என்று கடலில்தான் தெரியும். எனக்கு ஓடும் என்றுதான் படுகிறது. மழை விட்டதும், நங்கூர இரவுகள் இரண்டும் முடிந்ததும், அக்காவைச் சுக்கானில் உட்காரவைத்து, காற்றில் படகை அவள் இஷ்டத்துக்குச் சாய்க்கச் சொல்லிவிட்டு, நான் கீழே பெட்டியருகே தெர்மாமீட்டரோடு உட்காரப் போகிறேன்.