கேட்டை மூடிய கூட்டம்

தல்ஹா ஊர் ரயில் நிலையத்தை அருங்காட்சியகமாக்கிய மூன்றாம் மாதம் ஃபித்தா அதைப் பார்க்கப் போனாள். எழுபதைத் தாண்டியவள், முட்டி இரண்டும் மக்கர் பண்ணும். ஆனாலும் போக வேண்டும் என்றால் போக வேண்டும்தான். மகன் முத்லக் தண்ணீர் லாரியை ஒரு நாள் நிறுத்திவிட்டுக் கூட்டிப் போனான்.

நீராவி எஞ்சினையோ துருக்கியர் காலத்துத் தண்டவாளத்தையோ அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மஆன் சாலையில் இருந்த ரயில்வே கேட்டை அப்படியே பெயர்த்து வந்து, சிவப்பும் வெள்ளையும் பூசி, நடுக்கூடத்தில் நிறுத்தியிருந்தார்கள். பதினோரு வருஷம் அதை ஏற்றி இறக்கியவள் அவள். காகிதத்தில் கேட்காரர் என்று இருந்தது என்னவோ அவள் கணவர் சுவைலிம்தான். கல்யாணமான நாலாம் மாதம் வேகனிலிருந்து விழுந்து அவருக்கு இடுப்பு போயிற்று. சேதி மேலே எட்டினால் வேலை போகும், குடியிருந்த ரயில்வே அறையும் போகும். பத்தொன்பது வயதுப் பெண் கொடியை எடுத்துக்கொண்டு போய் நின்றாள். நிலைய அதிகாரி நல்ல மனுஷர்; கண்டும் காணாமல் இருந்துவிட்டார்.

அந்த வருஷமே ஒருநாள் ஆடு ஏற்றி வந்த லாரிக்காரன், பொம்பளை காட்டும் கொடிக்கெல்லாம் நிற்பேனா என்று, கேட் பாதி இறங்கும்போதே வண்டியை முன்னால் விட்டான். ஃபித்தா சாலை நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவன் ஹாரனை அழுத்தி அழுத்தி ஓய்ந்தான். பாஸ்பேட் ரயில் அவள் முதுகுக்குப் பின்னால் கடகடத்துப் போயிற்று. பிறகுதான் எழுந்து அங்கியின் தூசியைத் தட்டினாள்.

சுவைலிம் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். இனி யாருக்காக மறைக்க? கண்ணை மூடுவதற்குள் அந்தக் கேட்டின் மேல் தன் பேர் இருக்க வேண்டும். அதற்காகத்தான் வந்திருந்தாள்.

கேட்டுக்குப் பக்கத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் நிலைய அதிகாரியின் பதிவேடு விரிந்து கிடந்தது. அவளுக்கு எழுத்து தெரியாது.

"என்னடா போட்டிருக்கு? வாசி."

"'ஆட்டு லாரி நிற்க மறுத்தது. ஜமாஆ கேட்டை மூடியது. விபத்து இல்லை.' கீழே இவங்க ஒரு அட்டை வெச்சிருக்காங்க யும்மா. அந்தக் காலத்துல தொழிலாளிங்க கூட்டமா சேர்ந்துதான் கேட்டை மூடுவாங்களாம்." முத்லக் சிரித்துவிட்டான்.

ஃபித்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜமாஆ என்றால் கூட்டம்தான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் அந்தப் பக்கத்து ஆண்கள் பிறத்தியாரிடம் பெண்டாட்டி பேரையோ அம்மா பேரையோ எடுப்பார்களா? ஒற்றைப் பெண்பிள்ளையை 'ஜமாஆ' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். நிலைய அதிகாரியும் மரியாதை தெரிந்தவர். அப்படித்தான் எழுதியிருந்தார்.

"பொறுப்பா இருக்கிறவனைக் கூப்பிடு," என்றாள்.

அய்ஹம் வந்தான். அம்மானில் படித்துவிட்டு வந்த இளைஞன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தலையாட்டினான்.

"இருக்கலாம் ஹஜ்ஜா. ஆனா நாலு பேர் இல்லாம இந்தக் கேட்டை இறக்க முடியாது. நாங்களே இறக்கிப் பார்த்தோம்."

"நீங்க நாலு பேரும் ரொட்டி திங்கிறதில்லையா?"

"எழுத்துல கூட்டம்னு இருக்கே ஹஜ்ஜா. அதை விட்டுட்டு வாய்ப்பேச்சை நான் எப்படிப் போட?"

"விடு யும்மா, போலாம்," என்றான் முத்லக். அவள் கேட்டைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள்.

அப்போது அய்ஹமின் கைபேசி அடித்தது. "இல்லப்பா, தனியா வரல. ஜமாஆவும் வருது. ஏழு மணிக்கு வந்துடுறோம்," என்று பேசிவிட்டு வைத்தான்.

ஃபித்தா விடவில்லை. "எத்தனை பேரைக் கூட்டிட்டுப் போறே மவனே?"

"ஒருத்தர்தான் ஹஜ்ஜா, வீட்டுல..." அவன் பதிவேட்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். காது சிவந்துவிட்டது.

பெட்டியைத் திறந்து பழைய அட்டையை எடுத்தான். புது அட்டையும் பேனாவுமாக வந்து நின்றான். "பேர் சொல்லுங்க."

முத்லக் திரும்பிப் பார்த்தான். பக்கத்துப் பெட்டி அருகே ஊர்க்காரர் இருவர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். பள்ளிக்கூடத்தில் அம்மா பேரைக் கேட்டுச் சீண்டியவனின் பல்லை உடைத்தவன் அவன். "உம்மு முத்லக்னு போடுங்க, முத்லக்கோட அம்மான்னு. அது போதும்," என்றான் அவசரமாக.

"போதாது," என்றாள் ஃபித்தா. "லாரி முன்னால நான் உட்கார்ந்தப்போ நீ பொறக்கவே இல்ல. பொறக்காதவனுக்கு ஏதுடா அம்மா?"

அவள் அய்ஹம் பக்கம் திரும்பினாள். "ஃபித்தா. ஸாலிம் மகள் ஃபித்தா. பெருசா எழுது."

எழுதிய அட்டையை வாங்கி மகன் கையில் கொடுத்தாள். "வாசி."

"ஸாலிம் மகள் ஃபித்தா... இந்தக் கேட்டை மூடினார்." அட்டையைப் பார்த்தபடி முணுமுணுத்தான்.

"கேக்கல."

முத்லக் செருமிக்கொண்டு மறுபடி வாசித்தான். இந்தத் தடவை கூடம் முழுக்கக் கேட்டது. ஊர்க்காரர்களில் ஒருவர் கிட்டே வந்தார். "யாருன்னு சொன்னே?"

"ஃபித்தா," என்றான் முத்லக். "எங்கம்மா."