பக்கத்து வீட்டுத் தவுகே

எங்கள் அண்ணனை எங்களிடமிருந்து பிரிக்கப் பார்த்தது ஒரு வாணலிதான் என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

பினாங்கில் அப்போது நாங்கள் குடியிருந்த கடைவீட்டு வரிசையில், பக்கத்து வீட்டுக்கு மணிலாவிலிருந்து ஒரு பிடில்காரர் மனைவி மக்களோடு வந்து சேர்ந்தார். ஊமைப்படம் ஓடும் கொட்டகையில், திரைக்குக் கீழே உட்கார்ந்து வாசிக்கும் குழுவில் அவருக்கு வேலை. அண்ணன் அவரிடம் பிடில் கற்றுக்கொள்ளப் போனான். போனவன் அங்கேயே சாப்பிட்டுவிட்டு வந்தான். வந்தவன் சும்மா இருக்கக் கூடாதா? அவர்கள் வீட்டுத் தவுகே பிரட்டலின் பெருமையை, அம்மா ஊற்றிய ரசத்தை அளைந்துகொண்டே சொல்லி முடித்தான்.

தவுகே என்றால் முளைவிட்ட பயறு. பாசார்ச் சந்தையில் கை நிறைய அள்ளித் தருவார்கள். அதற்காக ஒருவன் பெற்ற தாயின் மீன்குழம்பை ஒதுக்குவானா? அம்மாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. எனக்கோ வயிறு பற்றி எரிந்தது. அண்ணன் தட்டில் எனக்கு எப்போதும் ஒரு கவளம் உண்டு. அது இப்போது பிடில்காரரின் மகளுக்குப் போகிறது என்று யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் அம்மாவும் தவுகே வாங்கினாள். கடுகு தாளித்து, மஞ்சள்தூள் போட்டு, மூடிவைத்து வேகவிட்டு, தேங்காய்ப்பூ தூவி இறக்கினாள். அண்ணன் சாப்பிட்டுவிட்டு, பொரியல் நன்றாக இருக்கிறது என்றான். அதற்கு அவன் திட்டியே இருக்கலாம்.

பிறகு அம்மா என்னை வேவு பார்க்க அனுப்பினாள். பிடில்காரரின் மனைவியை எங்கள் வீட்டில் மணிலாக்காரி என்போம். நல்லவள், அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. என்னை முக்காலியில் உட்காரவைத்து, நான் கேட்காமலே எல்லாவற்றையும் மலாயில் விளக்கிக் காட்டினாள். பூண்டு சிவக்க வேண்டும். வெங்காயமும் தக்காளியும் குழைய வேண்டும். அதில் இறால், நீளவாக்கில் நறுக்கிய காரட், பீன்ஸ். தவுகே கடைசியில்தான், போட்டதும் ஒரு புரட்டுப் புரட்டி உடனே இறக்க வேண்டும். மூடுகிற பேச்சே இல்லை. வாயில் போட்டால் நறுக்கென்று கடிபட்டது. ருசியாக இருந்ததில்தான் எனக்குப் பெரிய வயிற்றெரிச்சல்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டு அப்படியே செய்தாள். தன் பங்குக்குப் பச்சை மிளகாய் கிள்ளிப் போட்டாள். அண்ணன் மறுசோறு கேட்டான். ஆனாலும் பக்கத்து வீட்டுக்குப் போவதை விடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பேசும்படம் வந்தது. அப்பா எங்களைக் கூட்டிப்போனார். திரையில் ஒரு வெள்ளைக்காரி வாய் திறந்து பாட, கொட்டகையே வாய் பிளந்தது. இனிமேல் பிடில்காரர்களுக்கு அங்கே வேலை இல்லையாம் என்று வரும் வழியில் அப்பா அம்மாவிடம் சொன்னார். நான் வெள்ளைக்காரியின் தொப்பியை நினைத்துக்கொண்டு நடந்தேன்.

கொஞ்ச நாளில் அண்ணன் பக்கத்து வீட்டில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். பிடில் வாசிக்கப் போவான். சாப்பாட்டு வேளை வந்ததும் எழுந்து வந்துவிடுவான். இருந்து சாப்பிடச் சொன்னால், எங்கள் அம்மாவின் பிரட்டல்தான் வேண்டும் என்பானாம். நான் தெருவில் தமுக்கு அடிக்காத குறை.

அம்மாவுக்கும் வெற்றி தலைக்கேறிவிட்டது என்றே நினைத்தேன். பரணிலிருந்து பெரிய சட்டியை இறக்கினாள். தினமும் சோறும் பிரட்டலும் பக்கத்து வீட்டுக்கு என் கையில் போயின. எப்படி இருக்கிறது என்று அவர்கள் ருசி பார்த்துச் சொல்ல வேண்டுமாம். மணிலாக்காரி ஒவ்வொரு நாளும் வாங்கிக்கொண்டு, என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்புவாள்.

ஒருநாள் கிண்ணத்தை எட்டிப் பார்த்தேன். பெரிய இறால்கள் எல்லாம் அதில் இருந்தன. எனக்கு மிஞ்சியது பொடிசு. பொறுக்க முடியவில்லை.

"நாமதானம்மா ஜெயிச்சோம்? அவங்களுக்கு ஏன் பெரிய இறாலு?"

அம்மா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: "தோத்தவங்களுக்குக் கொஞ்சம் கூடத்தான் குடுக்கணும். கொண்டு போய் வச்சிட்டு ஒடனே வந்துரு. அங்க நின்னு பாத்துக்கிட்டு இருக்காத."

சில மாதங்களில் அவர்கள் ஊருக்கே கப்பலேறினார்கள். புறப்படும் முன் மணிலாக்காரி வந்து அம்மாவின் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு அழுதாள். ஒரு பிரட்டலில் தோற்றதற்கு இத்தனை அழுகையா என்று எனக்குக் கொஞ்சம் இரக்கமாகக்கூட இருந்தது. ஜெயித்த அம்மாவும் சேர்ந்து எதற்காக அழுதாள் என்பதுதான் விளங்கவில்லை.