தொண்ணூறோடு நின்றுபோன ரேடியோ

உலகம் சிடியைத் தலைமுழுகிய பிறகு, பழைய காருக்குச் சிடி பெட்டி தேடி அலைந்தவன் நான். அலமாரி நிறையப் பாட்டுச் சிடிகள். காரிலோ கூடவே பிறந்த கேசட் ரேடியோ. கேசட்டை மென்று தின்னும், ரேடியோ மட்டும் குறையில்லாமல் பாடும். பாடிக்கொண்டிருந்ததை அப்படியே விட்டிருக்க வேண்டும்.

கடைகளில் சிடி என்றதும், ஓலைச்சுவடி கேட்டு வந்தவனைப் போலப் பார்த்தார்கள். கடைசியில் பினாங்குத் தீவுக்கு எதிரே, பிறை என்ற ஊரில் ஒரு ஹாஃப்கட் கடை. ஜப்பானில் கழித்த கார்களைப் பாதியாய் அறுத்துக் கொண்டுவந்து, உறுப்பு உறுப்பாய் விற்கும் இடம். சீனக் கடைக்காரர் ஒரு பெட்டியைத் துடைத்து நீட்டினார். "ஓரி ஜப்பான், பொஸ்!"

ஓரி என்றால் ஒரிஜினல். அந்தச் சொல்லைக் கேட்டபின் மேற்கொண்டு விசாரிப்பது நம் ஆட்களுக்குக் கௌரவக் குறைச்சல். பழையதைக் கழற்றிவிட்டு அங்கேயே மாட்டச் சொன்னேன். சிடி அற்புதமாகப் பாடியது. அதிலேயே இருந்த ரேடியோவைத் தொட்டுப் பார்க்க எவனுக்குத் தோன்றும்?

மறுநாள் தாசேக் கெலுகோரில் மனைவியின் அக்காவுக்கு அறுபதாவது பிறந்தநாள். லைன் கிடைக்காமல் பல நாள் போராடி, மனைவி தமிழ் ரேடியோவில் தன் குரலிலேயே வாழ்த்துப் பதிவு செய்திருந்தாள். காலை ஒன்பதுக்கு வரும். பினாங்குப் பாலத்தில் போகும்போது கேட்பதாக ஏற்பாடு.

சாவியைத் திருப்பியதும் புதுப் பெட்டியிலிருந்து ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் குழைந்தது.

"யாருங்க இவ?"

"ஓரி," என்றேன்.

பாலத்தில் ஏறியதும் மனைவி ரேடியோவைத் திருகினாள். எண் தொண்ணூறு வரை ஏறியது. பிறகு தொபுக்கென்று எழுபத்தாறில் விழுந்தது. மறுபடி தொண்ணூறு, மறுபடி எழுபத்தாறு. நம் தமிழ் ரேடியோவோ தொண்ணூறுக்கு மேலே. மனைவி தன் ஃபோனில் கடைக்காரரைப் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஜப்பான்காரன் ரேடியோ தொண்ணூறோட முடிஞ்சிடும் லா, பொஸ். இங்க கேட்கணும்னா தனியா கன்வர்ட்டர் மாட்டணும்."

"இதை நேற்றே சொல்றதுக்கென்ன?"

"நீங்க சிடிதானே கேட்டீங்க?"

என்ன நியாயம் இது! சட்டை கேட்டவனிடம் கழுத்து தைக்காத சட்டையை விற்றுவிட்டு, 'நீங்கள் கழுத்து கேட்கவில்லையே' என்பதா? நான் கத்திக்கொண்டிருக்கும்போதே ஒன்பது மணி கழிந்தது. மனைவி கடலையே பார்த்துக்கொண்டு வந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

அக்கா வாசலிலேயே தங்கையைக் கட்டிக்கொண்டார். "ஒங் கொரலக் கேட்டு அழுதுட்டேன்டி!"

"நான்தான்க்கா கேக்கல," என்றாள் இவள்.

சாப்பாட்டு மேசையில் கடைக்காரரையும் ஜப்பானையும் இந்தக் காலத்தையும் ஒன்று விடாமல் விளாசினேன். அக்காவின் கணவர், என் சகலை, அப்பளத்தை நொறுக்கியபடி முழுதும் கேட்டார்.

"ரேடியோ ஃபோன்லயே வருதே தம்பி. அப்புறம், அந்தச் சிடிய எல்லாம் தூக்கிப் போட்டுடாதீங்க. ரம்புத்தான் மரத்துல கட்டித் தொங்கவிட்டா, அந்த மினுமினுப்புக்கு அணில் பழத்துக்கிட்ட வராது."