எடுக்காத போனில் ஒரு குரல்

என் கணவரின் எண்ணுக்கு அழைத்தால் வேறொரு பெண்தான் பேசுவாள். சரக்குக் கப்பலில் அவருக்கு வேலை. கரையை விட்டு விலகியதும் சிக்னல் போய்விடும். தொடர்புகொள்ள முடியவில்லை என்று அந்தப் பெண் தமிழில் ஒருமுறையும் ஆங்கிலத்தில் ஒருமுறையும் சொல்லி முடிக்கும்வரை போனைக் காதிலேயே வைத்திருப்பேன். எடுக்கமாட்டார் என்று தெரிந்தேதான் அழைப்பேன். அந்த எண்ணை அழுத்தினால் அவர் இருக்கும் பக்கமாகக் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்ததுபோல் இருக்கும்.

அந்தப் பெண்ணுக்குப் பதிலாக அவரே பேசினால் என்ன என்று தோன்றியதில்தான் எங்கள் தொழில் தொடங்கியது. கேட்டவர்களிடம் நான் இப்படிச் சொன்னதில்லை. கடைக்காரர்கள் போனை எடுக்க முடியாதபோது அவர்களுக்காகப் பேசும் குரல் என்றே சொன்னேன். கூடப் படித்த தோழி கோயம்புத்தூரிலிருந்து கணினி வேலையைப் பார்த்துக்கொண்டாள். எடுக்காத அழைப்பு எங்களிடம் திரும்பி வரும். பதிந்துவைத்த குரல் பேசும். அழைத்தவர் சொல்வதைச் சேர்த்துவைக்கும். என்ன பேசுவது என்று எழுதுவதும் பதிவதும் என் பொறுப்பு. மகளைப் பால்வாடியில் விட்டுவிட்டு வந்து, தெருச் சத்தம் கேட்காமலிருக்க இரண்டு கம்பளிக்குள் புகுந்துகொண்டு பேசுவேன்.

"போர்வைக்குள்ள யாருகிட்ட பேசுதா இவ?" என்று மாமியார் பக்கத்து வீட்டில் விசாரித்தது எனக்கும் கேட்டது. கோவில்பட்டி வெயிலில் தொப்பலாக நனைந்து வெளியே வரும்போது, இதெல்லாம் நமக்குத் தேவையா என்று எனக்கே இருக்கும்.

முதலில் வந்தவர் விதைக்கடை அண்ணாச்சி. புரட்டாசியில் ஒரு மழை இறங்கினால் போதும், கரிசல் ஈரம் காய்வதற்குள் விதைத்துவிட வேண்டுமென்று சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் அவரைக் கூப்பிடும். மூட்டை இறக்குவதைப் பார்ப்பாரா, போனை எடுப்பாரா? நான் நல்ல தமிழில் பதிந்து கொண்டுபோனேன். 'வணக்கம். உரிமையாளர் தற்போது கடையில் இல்லை. உங்கள் செய்தியைக் கூறவும்.'

கேட்டதும், சுட்டதுபோல் போனைக் கல்லாமேல் வைத்துவிட்டார்.

"யம்மா, படிச்ச பிள்ளதான நீ? காலங்காத்தால கூப்பிடுதவன் காதுல இல்லன்னு சொல்லுதியே."

"நீங்க அப்ப கடையில இருக்க மாட்டீங்கல்லா அண்ணாச்சி?"

"அதுக்கு? வீட்டுல அரிசி தீந்தாக்கூட நெறஞ்சிருக்குன்னுதான சொல்லுதோம். வந்துக்கிட்டே இருக்காருன்னு சொல்லு. நான் குத்தாலத்துல குளிச்சிக்கிட்டுக் கெடந்தாலும் வந்துக்கிட்டேதான் இருக்கேன்."

"குத்தாலத்துக்கு எங்களயும் கூட்டிட்டுப் போங்க அண்ணாச்சி," என்றார் உளுந்து விதைக்கு நின்றிருந்தவர். "அங்கனயே விதையக் குடுத்துருங்க."

அன்றிலிருந்து எங்கள் குரல்களில் 'இல்லை' கிடையாது. பேட்டரிக் கடைக்காரர், தையற்காரம்மா, ஆட்டு வியாபாரி, எல்லாரும் வந்துகொண்டே இருந்தார்கள்.

ஊருக்கெல்லாம் பதிந்தவளுக்குக் கணவரிடம் கேட்க மட்டும் கூச்சமாக இருந்தது. விடுப்பு முடிந்து அவர் கிளம்பிய அன்று, ஸ்டேஷனில் ரயில் வரும் நேரத்தில்தான் கேட்டேன்.

"ஏட்டி, ஊரே நிக்கி. இங்கன வச்சா?" என்றார். பிறகு தூண் பக்கம் திரும்பி நின்று என் போனில் பேசினார். "பாப்பா, அப்பா வந்துக்கிட்டே இருக்கேன்." அவர் குரலுக்குப் பின்னால் ரயில் ஊதுவதும் பதிவாகியிருந்தது.

கொஞ்ச நாள் வீடே மாறிப்போனதுபோல் இருந்தது. அவர் எண்ணிலிருந்து அந்தப் பெண் போய்விட்டாள். எப்போது அழைத்தாலும் அவர் பேசினார்.

ஒரு சாயங்காலம் மகளைத் தேடினால், வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பொங்கலுக்கு எடுத்த கவுனைத் தானாகவே முன்பின்னாகப் போட்டிருந்தாள். அவருடைய வீட்டுச் செருப்பு, கட்டிலுக்கடியிலிருந்து வந்து, படிக்குக் கீழே சோடியாகக் கிடந்தது.

"இங்கன என்ன செய்யுத?"

"அப்பா வந்துக்கிட்டே இருக்காங்கல்லா."

"அப்பா வர நாளாகும்மா."

"போன்ல சொன்னாங்களே," என்றாள், எனக்குத்தான் விவரம் தெரியாது என்பதுபோல்.

மறுநாளும் உட்கார்ந்தாள். ஆட்டோ சத்தம் கேட்டால் எழுந்து நிற்பாள். அது அடுத்த தெருவுக்குத் திரும்பியதும் உட்காருவாள். விதைக்கு அழைத்தவருக்கு அந்த வாக்கியம் அரைமணி நேரம் தாங்கினால் போதும், அண்ணாச்சி வந்துவிடுவார். பிள்ளைக்கு எத்தனை மாதம் தாங்கும்? இதை நான் யோசித்திருக்க வேண்டாமா? அந்தப் பதிவை நீக்கிவிடலாம் என்று போனைக் கையில் எடுப்பேன். நீக்கினால் அந்தப் பெண் திரும்ப வந்துவிடுவாள். கையிலிருக்கும் போனில் இன்னொருமுறை அவரைக் கேட்பேன். ஆட்டோ சத்தத்துக்கு நானும் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து அவர் கூப்பிட்டபோது சொன்னேன்.

"சரி, வேற சொல்லுதேன். என்ன சொல்லட்டும்? ஊருக்கெல்லாம் எழுதிக் குடுக்கியே."

அவரையே 'இல்லை' என்று பேசவைக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்குள் மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அப்பா, எங்க இருக்கீங்க?"

"கப்பல்லட்டி."

"வந்துக்கிட்டே இருக்கீங்களா?"

"நாளாகும் தங்கம். சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். அம்மாதான் சாப்பிடல."

அன்றே அவர் புதிதாகப் பதிந்து அனுப்பினார். "அப்பா கப்பல்ல இருக்கேன். வர நாளாகும். சாப்ட்டியா?" அதற்குப் பிறகு பேச்சில்லை, இயந்திரத்தின் முனகல் மட்டும் ஓடியது. "கடைசியில சும்மா இரையுதே, வெட்டிரட்டுமா?" என்று தோழி கேட்டாள். வேண்டாம் என்றேன். பதிலுக்காக அவர் விட்ட இடம் அது.

மகள் இப்போது சாயங்காலம் ஒருமுறை அழைத்து, சாப்பிட்டதையும் சாப்பிடாததையும் அந்த இடத்தில் சொல்லிவிட்டு விளையாடப் போய்விடுகிறாள். செருப்பை அவளே கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள்.

அவள் பால்வாடியில் இருக்கும் மத்தியானங்களில் நானும் அழைக்கிறேன். அவர் கேட்பது மகளை என்று தெரியும். ஆனாலும் முனகல் ஓடும்போது, "சாப்பிட்டேன்," என்கிறேன். சேர்ந்து கிடக்கும், அடுத்த கரையில் கேட்பார். சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்று, போனை வைத்ததும் போய்த் தட்டில் சோறு போட்டுக்கொள்கிறேன்.